பெயாரிங்கில் அல்ட்ராசவுண்ட் ரீடிங்: ஆள் மாறினாலும் நாள் மாறினாலும் அளவு மாறாமல் எடுப்பது எப்படி

போன மாதம் இரத்மலானைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பம் அறையில், மோட்டரின் சுற்றும் தண்டைத் தாங்கும் பெயாரிங்குகளின் அல்ட்ராசவுண்டை, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை, அளந்துகொண்டு நின்றோம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு வேகமாக வந்தார்.

"அண்ணா, போன மாசம் 22. இப்ப 31. பெயாரிங் போகப்போகுது போல."

"எங்க வச்சுப் பாத்தீங்க?"

"கிறீஸ் நிப்பிள்ல."

போன மாதம் ரீடிங் எடுத்தவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் விரலால் தொட்டுக் காட்டியது மோட்டரின் ஃபேன் மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டை. அங்கே வைத்தோம்: 22. கிறீஸ் ஏற்றும் நிப்பிளில் வைத்தோம்: 31. ஒரே மோட்டர், ஒரே நிமிடம், 9 டெசிபல் வித்தியாசம். பெயாரிங்குக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

இந்த 9 ஏன் பெரிய விஷயம் என்றால், நாம் நம்பியிருக்கும் முதல் எல்லையே அதைவிடச் சிறியது. பெயாரிங் நல்ல நிலையில் இருக்கும்போது எடுத்த அடிப்படை அளவிலிருந்து 8 டெசிபல் ஏறினால் கிறீஸைப் பார், 16 ஏறினால் சேதம் தொடங்கியிருக்கலாம், 35 ஏறினால் மெசினை ஓடவிடாதே என்பது இந்த வேலையில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. டெசிபல் மடக்கை அளவு. 6 ஏறினால் வீச்சு இரு மடங்கு, 8 ஏறினால் இரண்டரை மடங்கு, 20 ஏறினால் பத்து மடங்கு. வைக்கும் விதத்தாலேயே 9 ஆடுகிற இடத்தில் 8க்கு எச்சரிக்கை வைப்பதில் அர்த்தமில்லை.

ஆகவே பெயாரிங்கைச் சோதிக்க முதல், நாம் அளக்கும் முறையைச் சோதிக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள். பலர் 8ஆவது படியில் தொடங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

மெசினில் முனையை வைத்து ஒலியைப் பிடிக்கும் தொடு புரோப் உள்ள அல்ட்ராசவுண்ட் கருவி, ஹெட்போன், முடிந்தால் காந்த சென்சர். இவற்றோடு கம்பி பிரஷ், துணி, பெயின்ற் பேனா, டோர்ச், வேகம் பார்க்கும் டக்கோமீற்றர், வெப்பநிலை பார்க்கும் கருவி, ஒரு கொப்பி. மெசினின் பெயர்ப்பலகை விவரமும் பெயாரிங் இலக்கமும் முதலே எழுதப்பட்டிருக்க வேண்டும். ரீடிங் எடுக்கும் இடத்தில் நின்று இலக்கம் தேடினால் அவசரம் வரும். அவசரத்தில் எடுத்த ரீடிங் பிறகு பயன்படாது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையை ஓடும் மெசினில்தான் செய்கிறோம். ஹெட்போன் காதில் இருக்கும்போது பின்னால் வரும் ஃபோர்க்லிஃப்டின் ஹோர்ன் கேட்காது. கழுத்தில் தொங்கும் கேபிள், தண்டுகளை இணைத்துச் சுற்றும் கப்ளிங்கில் சிக்கினால் இழுத்துக்கொண்டு போய்விடும். கேபிளை உடலோடு சேர்த்துப் பிடியுங்கள், தொங்கும் உடுப்பு வேண்டாம், புதியவர் தனியாகப் போகக் கூடாது. பாதுகாப்பு மூடியைக் கழற்றித்தான் ஓரிடத்தைத் தொட முடியும் என்றால், அது ரீடிங் எடுக்கும் இடமே அல்ல.

2. புறப்பட முதல் கருவியைச் சரிபார்த்தல்

ஐஎஸ்ஓ 29821:2018 என்ற அல்ட்ராசவுண்ட் தரநிலையின் தலைப்பிலேயே வழிமுறைகளோடு சரிபார்ப்பும் சேர்ந்து நிற்கிறது. நடைமுறையில் அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பற்றரி நிறைந்திருக்க வேண்டும். புரோப்பின் முனை முழுவதும் முறுக்கி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. முனையின் மரை அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தாலும் ஒலி போகும் வழியில் ஒரு இடைவெளி விழுந்துவிடும். முனை தேய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். கேபிளை மெதுவாக வளைத்துப் பாருங்கள். அப்போது ஹெட்போனில் கறகறவென்று கேட்டால் இணைப்பில் கோளாறு.

பிறகு, கருவியோடு வந்த ஒலி உமிழியை மேசையில் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் வைத்து ரீடிங் எடுத்து எழுதுங்கள். நான் மேசையிலேயே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நேற்று வந்த எண் இன்றும் வந்தால் கருவி நலம். வராவிட்டால் அன்று மெசினிடம் போக வேண்டாம்.

3. இடத்தைத் தெரிவு செய்தல்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் என்பது நம் காது கேட்கும் 20 கிலோஹேர்ட்ஸ் எல்லைக்கு மேற்பட்ட ஒலி. அது ஓர் இரும்புத் துண்டுக்குள் நன்றாகப் போகும். ஆனால் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவும்போது, இடையில் உள்ள பெயின்ற், துரு, காற்றிடைவெளி, கஸ்கட் எல்லாம் அதைக் குறைத்துவிடும். ஒவ்வொரு பொருத்தும் ஒரு சுங்க வரி மாதிரி, கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் விடும். ஆகவே பெயாரிங்கின் வெளிவளையத்துக்கும் புரோப் முனைக்கும் நடுவில் ஒரே உலோகம், குறுகிய வழி. இது ஒன்றுதான் விதி.

இதை வைத்தே இடங்களைத் தரம் பிரிக்கலாம். முதல் தரம், பெயாரிங் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கின் வெறும் உலோகம். அடுத்தது, ஹவுசிங்கில் நேராக முறுக்கிய குட்டையான கிறீஸ் நிப்பிள். நிப்பிளிலிருந்து குழாய் நீட்டி வெளியே கொண்டுவந்திருந்தால் அந்தக் குழாயின் நுனி வேண்டாம். குழாயின் நீளமும் பொருத்தும் எவ்வளவு ஒலியை விழுங்கும் என்று சொல்ல முடியாது. ஃபேன் மூடி, தகட்டு மூடி, மோட்டரின் குளிர்விப்புச் செட்டைகள், பேஸ் பிளேட் இவற்றில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

அடுத்து, பாரம் விழும் பக்கம். பெயாரிங்கின் உருளைகள் எந்தப் பக்கம் அழுத்தப்படுகின்றனவோ அங்கேதான் ஒலி வலுவாக இருக்கும். படுக்கையாக ஓடும் தண்டில், பாரம் தன் எடையால் மட்டும் வந்தால் அது கீழ்ப்பக்கம். பெல்ட் ஓட்டமென்றால் பெல்ட் இழுக்கும் பக்கம். கீழே கை போகாது என்றால், போகக்கூடிய ஒரு பக்கத்தைத் தெரிவு செய்து எப்போதும் அதிலேயே நில்லுங்கள். மிகச் சிறந்த இடத்தில் சில நாளும் சுமாரான இடத்தில் சில நாளும் வைப்பதைவிட, சுமாரான இடத்தில் எப்போதும் வைப்பது எவ்வளவோ மேல்.

ஒரு ஹவுசிங்கில் இரண்டு பெயாரிங் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புரோப்பை ஒன்றிலிருந்து மற்றதுக்கு மெதுவாக நகர்த்திக் கேளுங்கள். ஒலி கூடிக்கொண்டு போகும் திசையில்தான் மூலம் இருக்கிறது.

4. இடத்தை நிரந்தரமாக்குதல்

தெரிவு செய்த இடத்தில் விரல்நகம் அளவுக்குப் பெயின்ற்றைச் சுரண்டி, வெறும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு இலக்கம் எழுதுங்கள். கைபேசியில் படம் எடுக்கும்போது புரோப் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். வட்டம் இடத்தைத்தான் சொல்லும், கோணத்தைப் படம்தான் சொல்லும்.

கொழும்பில் இதற்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்து மாடிக் கட்டடங்களின் மொட்டைமாடியில் உள்ள மெசின்களில், சுரண்டிய இடம் உவர்க்காற்றில் சில நாளிலேயே துருப்பிடித்துவிடும். துருவின் மேல் வைத்தால் ரீடிங் குறையும். பெயாரிங் நன்றாகிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்படுவோம். ஒவ்வொரு முறை அளந்த பின்னும் அந்த இடத்தில் மெல்லிதாகக் கிறீஸ் தடவிவிடுங்கள், அடுத்த முறை அளக்க முதல் துடைத்துவிடுங்கள்.

காந்த சென்சர் வைத்திருப்பவர்கள் முதலில் ஹவுசிங்கில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். சிறிய மோட்டர்கள் பலவற்றின் உடல் அலுமினியம். உணவுத் தொழிற்சாலைகளில் எவர்சில்வர் ஹவுசிங் வரும். அலுமினியத்தில் காந்தம் நிற்காது, எவர்சில்வரிலும் பெரும்பாலும் நிற்காது. பஞ்சிகாவத்தையில் வாங்கக்கூடிய சாதாரண இரும்பு வாஷர் ஒன்றைத் தட்டையாகத் தேய்த்து, இரண்டு கலவை எப்பொக்சியால் ஒட்டிவிட்டால் போதும். மென்மையாகவே இருக்கும் பசைகளும் இரட்டைப் பக்க நாடாவும் வேண்டாம். இறுகாத பசை ஒலியை விழுங்கும். ஒட்டிய பிறகு எடுக்கும் ரீடிங்கை ஒட்டமுதல் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். புது இடம் என்றே கணக்கு வைத்துத் தொடங்குங்கள்.

5. மெசின் நிலையை ஒன்றாக்குதல்

வேகம் கூடினாலும் பாரம் கூடினாலும் அல்ட்ராசவுண்ட் கூடும். வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டர் இன்று 50 ஹேர்ட்ஸ், போன மாதம் 35 ஹேர்ட்ஸ் என்றால் இரண்டு ரீடிங்கும் இரண்டு வேறு மெசினுடையவை போலத்தான். இன்வெர்ட்டர் இல்லாமல் நேரடியாகப் பொது மின்சாரத்தில் ஓடும் நான்கு போல் மோட்டர் நம் 50 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 முறைக்குச் சற்றுக் குறைவாகவே சுற்றும். அதில் வேகம் பெரிதாக மாறாது, பாரத்தை மட்டும் கவனித்தால் போதும். பொது மின்சாரம் நின்று ஜெனரேட்டரில் ஓடும் நேரத்தில் ரீடிங் எடுக்காதீர்கள்.

பம் என்றால் வால்வின் நிலையை எழுதுங்கள். நம் மாடிக் கட்டடங்களில் நிலத்தடித் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்களில் இன்னொன்றும் உண்டு. காலையில் எல்லா வீட்டிலும் குளித்து முடிந்து நிலத்தடித் தொட்டி இறங்கியிருக்கும் நேரத்தில் பம்முக்கு உறிஞ்ச நீர் போதாமல், உள்ளே நீராவிக் குமிழ்கள் தோன்றி உடையும். அந்தச் சத்தம் ஹெட்போனில் சரளைக்கல்லைத் தகரத்தில் கொட்டுவது போலக் கேட்கும். அது பம்மின் உடல் வழியாகப் பெயாரிங் ஹவுசிங்கையும் தொட்டுவிடும். தொட்டி பாதிக்கு மேல் நிற்கும் நேரமாகப் பார்த்து எடுங்கள், மட்டத்தையும் எழுதிவையுங்கள்.

மெசின் தொடங்கியவுடன் எடுக்கக் கூடாது. குளிர்ந்த கிறீஸ் தடிப்பாக இருக்கும், உள்ளே பரவியிருக்காது. ஹவுசிங் வெப்பநிலை நிலைக்கும்வரை பொறுத்திருங்கள். அரை மணி நேரத்துக்குக் குறைவாக நான் எடுப்பதில்லை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு தொழிற்சாலை திறந்த முதல் நாளையும் தவிர்த்துவிடுவேன். பல நாள் அசையாமல் நின்ற மெசின் ஓரிரு நாள் ஓடித்தான் தன் பழைய நிலைக்கு வரும்.

6. கருவியின் செட்டிங்

அலைவெண்ணை 30 கிலோஹேர்ட்ஸில் வைத்து அதிலேயே விடுங்கள். பெயாரிங் வேலைக்குப் பொதுவாகப் பயன்படும் இடம் அது. "நல்லாக் கேட்குது" என்று யாரோ 40க்குத் திருப்பியிருந்தால் எண் முழுவதும் மாறிவிடும். உணர்திறனை நாமே திருப்பும் பழைய கருவிகளில் அந்த எண்ணையும் ரீடிங்கோடு எழுத வேண்டும். ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் ரீடிங் மாறாது, அது உங்கள் காதுக்கு மட்டும்.

சராசரி அளவா, உச்ச அளவா என்பதையும் முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். கிறீஸ் குறைவு சராசரியை ஏற்றும். பெயாரிங்கில் விழும் ஒரு சிறு குழி உச்சத்தைத்தான் முதலில் ஏற்றும். கருவி இரண்டையும் தந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

வேறு கம்பனியின் கருவியில் எடுத்த டெசிபலோடு உங்கள் டெசிபலை ஒப்பிட முடியாது. ஒரே கருவியில் தொடு புரோப்பும் காந்த சென்சரும்கூட வெவ்வேறு எண்ணைத் தரும்.

7. புரோப்பை வைத்தல்

முனையை மேற்பரப்புக்குச் செங்குத்தாக வையுங்கள். சாய்த்து வைத்தால் முனையின் ஓரம் மட்டும் தொடும். கையை மெசினின் அசையாத பகுதியில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் குறையும்.

அழுத்தம்தான் புதியவர்களுக்குப் பெரிய தொல்லை. மெதுவாகத் தொட்டு, ஹெட்போனில் கேட்டபடி அழுத்தத்தைக் கூட்டுங்கள். ரீடிங் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் அழுத்தினாலும் ஏறாது. அந்த இடம்தான் உங்கள் அழுத்தம். அதையும் தாண்டி உடல் பாரத்தைப் போட்டால் கை நடுங்கும், முனை சறுக்கும், சறுக்கும்போது சிராய்ப்புச் சத்தம் ரீடிங்கோடு சேர்ந்துவிடும்.

பத்து விநாடி அசையாமல் பிடியுங்கள். திரையில் ஓடும் எண்களில் பெரியதைப் பிடித்து எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. கூடாது. நிலைத்து நிற்பதை எழுதுங்கள்.

மிக மெதுவாகச் சுற்றுபவற்றுக்கு இந்தப் பத்து விநாடி போதாது. நிமிடத்துக்கு 20 முறை சுற்றும் தண்டு ஒருமுறை சுற்றவே 3 விநாடி எடுக்கும். பத்து விநாடியில் மூன்று சுற்றுத்தான் பிடிபடும், அதில் ஒரு தட்டல் தவறினால் படம் மாறிவிடும். அங்கே எண்ணைவிட ஒலிப்பதிவை நம்புங்கள். குறைந்தது பத்துச் சுற்றாவது பதிந்து, தட்டல் ஒழுங்கான இடைவெளியில் வருகிறதா என்று கேளுங்கள்.

8. பத்துமுறைச் சோதனை

முதல் அடிப்படை அளவைக் கொப்பியில் எழுத முதல் இதைச் செய்யுங்கள். மெசின் நிலையான பாரத்தில் ஓடட்டும். புரோப்பை வையுங்கள், எழுதுங்கள், முழுவதும் எடுத்துவிடுங்கள், ஓரடி பின்னால் வாருங்கள், திரும்ப வையுங்கள். பத்து முறை. புரோப்பை எடுக்காமலே பத்து எண் எழுதினால் அது ஒரே ரீடிங்தான்.

மிகப் பெரியதுக்கும் மிகச் சிறியதுக்கும் 3 டெசிபலுக்குள் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். அதைத் தாண்டினால் முதலில் முனையை இறுக்குங்கள், பிறகு மேற்பரப்பைத் திரும்பத் தேயுங்கள், பிறகு கோணத்தைப் பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தும் எண் ஆடினால், அடுத்த பெயாரிங்கில் இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே நிலையாக வந்தால் உங்கள் கை சரி, முதல் மெசினில்தான் ஏதோ ஆடுகிறது.

பிறகு இரண்டாவது ஆள். அவரிடம் உங்கள் எண்களைக் காட்டாதீர்கள். காட்டினால் அந்த எண் வரும்வரை அழுத்துவார், அது மனித இயல்பு. படத்தையும் வட்டத்தையும் மட்டும் கொடுங்கள். அவருடைய பத்தும் உங்கள் பத்தோடு ஒன்றுக்குள் ஒன்று விழுந்தால் முறை பிடிபட்டுவிட்டது. விழாவிட்டால் ஆளைக் குறை சொல்லாமல் 3ஆவது படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் இடம்தான் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்காது.

9. அடிப்படை அளவை எழுதுதல்

மூன்று முறை வைத்து எடுத்து நடு எண்ணை எழுதுங்கள். அதோடு திகதி, நேரம், வேகம், பாரம் அல்லது மோட்டரின் அம்பியர், ஹவுசிங் வெப்பநிலை, எந்தப் புரோப், எந்த அலைவெண், யார் எடுத்தது என்பனவும் சேர வேண்டும். முடிந்தால் ஒலிப்பதிவும். எண் மட்டும் உள்ள கொப்பியால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

புதுப் பெயாரிங் போட்ட அன்றே அடிப்படை எடுக்காதீர்கள். கிறீஸ் பரவி, பெயாரிங் தன் ஓட்டத்துக்குப் பழகச் சில நாள் விடுங்கள். பழைய பெயாரிங்கின் அடிப்படையைப் புதியதுக்குத் தொடரவும் வேண்டாம்.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் மெசினில் நல்ல நிலை எது என்று தெரியாவிட்டால், ஒரே மாதிரியான மூன்று நான்கு மெசின்களை ஒரே பாரத்தில், ஒரே இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள். கூட்டத்திலிருந்து விலகி நிற்பது எது என்று தெரிந்துவிடும்.

10. ரீடிங் ஏறினால், கிறீஸ் கன்னைத் தொட முதல்

இங்கே என் கையால் நடந்த பிழையைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முதல் ஒரு பம்மின் மோட்டரில் 10 டெசிபல் ஏறியிருந்தது. கிறீஸ் போட்டேன். இறங்கவில்லை. அடுத்த கிழமையும் போட்டேன், அதற்கடுத்த கிழமையும். பிறகுதான் யாரோ வெளியேற்று வால்வைப் பாதி மூடியிருந்தது தெரிந்தது. மோட்டரைத் திறந்தபோது கிறீஸ் உள்மூடியைத் தாண்டிப் போய்ச் சுருளின் மேல் படிந்திருந்தது. பெயாரிங்கோ புதிது போல இருந்தது. ஏறிய ஒலிக்குக் காரணம் தேடாமல் கிறீஸ் கன்னை எடுத்ததால் நல்ல மோட்டர் ஒன்று சுருள் வேலைக்குப் போனது.

அன்றிலிருந்து என் வரிசை இது. முதலில் புரோப்பை எடுத்துத் திரும்ப வைப்பேன். பிறகு முனையின் இறுக்கம், செட்டிங். பிறகு வேகம், பாரம், வால்வு, தொட்டி மட்டம். பிறகு பக்கத்துப் பெயாரிங்கையும் பம்மின் உடலையும் தொட்டுப் பார்ப்பேன். அங்கே ஒலி இன்னும் கூடுதலாக இருந்தால் மூலம் அங்கேதான். அருகில் அமுக்கக் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று காது கொடுப்பேன். இவ்வளவும் ஒத்துப்போனால்தான் பெயாரிங் மேல் சந்தேகம்.

கிறீஸ்தான் தேவை என்றால், பழைய கிறீஸ் வெளியேறும் துளையின் அடைப்பைத் திறந்துவிட்டு, அதே வகைக் கிறீஸை, புரோப் ஹவுசிங்கில் இருக்கும்போதே மெதுவாக ஒவ்வொரு அமுக்காகக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் காத்திருங்கள். ரீடிங் இறங்கும். இறங்கி அடிப்படைக்கு அருகில் நின்றால் நிறுத்துங்கள். ஓர் அமுக்குக்கு ரீடிங் திரும்பச் சற்று ஏறத் தொடங்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள், கிறீஸ் மிஞ்சுகிறது. சிறிது நேரம் ஓடவிட்டு, அடைப்பை மூடி, மறுநாள் அதே பாரத்தில் திரும்ப அளந்து எழுதுங்கள்.

இறங்கிய ரீடிங் சில நாளிலேயே பழைய உயரத்துக்கு ஏறி, ஹெட்போனில் சீரான இரைச்சலுக்கு நடுவே ஒழுங்கான தட்டலும் கேட்டால், இனி கிறீஸ் போட்டு நாள் கடத்தாதீர்கள். ஒலிப்பதிவைச் சேமித்து, அதிர்வு அளவீட்டையும் எடுக்கச் சொல்லி, பெயாரிங் இலக்கத்தைக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுங்கள்.